வியூஸ் கணக்கும் வைரல் துண்டும்: பாப் பாடல் வீடியோக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பாட்டு வெளியான மறுநாளே "24 மணி நேரத்தில் இத்தனை கோடி" என்று போஸ்டர் வந்துவிடுகிறது. விருது மேடையில் யாரோ எதையோ செய்த 12 நொடித் துண்டு, குடும்ப வாட்ஸ்அப் குழு வரைக்கும் வந்து சேர்கிறது. இந்த இரண்டையும் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம். பெரும்பாலும் யூடியூபை வைத்தே பேசுகிறோம், ஏனென்றால் பாப் வீடியோவின் கடந்த இருபது வருஷக் கதை பெரும்பாலும் அங்கேதான் நடந்திருக்கிறது.

வீடியோவுக்குக் கீழே இருக்கும் எண், அதைப் பார்த்த ஆட்களின் எண்ணிக்கைதானே?

இல்லை. அது வீடியோ எத்தனை தடவை ஓடியது என்ற கணக்கு. ஒரே ஆள் காலையில் ஒரு தடவை, பஸ்ஸில் ஒரு தடவை, தூங்கப் போகும்முன் ஒரு தடவை பார்த்தால் மூன்று. குழந்தைகளுக்கான "பேபி ஷார்க்" 2022 ஜனவரியில் 1,000 கோடியைத் தொட்டது. அன்றைக்கு உலக மக்கள்தொகையே 800 கோடியை எட்டவில்லை. ஒரு குழந்தை சாப்பிட்டு முடிப்பதற்குள் அதே பாட்டை ஆறு தடவை போடச் சொல்லும் வீட்டில் இருப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இருக்காது.

பார்ப்பவர் தானாக விரும்பி ஓடவிட்ட வீடியோவைத்தான் யூடியூப் கணக்கில் சேர்க்கும். வேறொரு இணையப் பக்கத்தில் பதித்துவைத்த வீடியோ, பக்கம் திறந்ததும் தானே ஓட ஆரம்பித்தால் அது சேராது. மென்பொருள் வைத்து ஓடவிட்டதாகத் தெரிந்தாலும் கழித்துவிடுவார்கள். ஒரே கணக்கிலிருந்து எத்தனை தடவை வரை ஏற்பார்கள் என்பதை யூடியூப் வெளியிடுவதில்லை. வெளியிட்டால் அந்த எல்லைக்குள் நின்றே ஏமாற்றிவிடுவார்கள். ரசிகர் குழுக்களில் சுற்றும் "இத்தனை முறை பார், நடுவில் இரண்டு வேறு பாட்டு போடு, சத்தம் பாதிக்கு மேல் இருக்கட்டும்" பட்டியல்கள் எல்லாம் ரசிகர்கள் ஊகித்து எழுதியவை. அதை நம்பி ராத்திரி முழுக்க விழித்திருக்கும் பிள்ளைகளுக்காகத்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

"30 நொடி பார்த்தால்தான் ஒரு வியூ" என்று எல்லோரும் சொல்வது விளம்பரத்துக்கான விதி. அதைக் கீழே பார்ப்போம். ஷார்ட்ஸ் கணக்கு வேறு. 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓட ஆரம்பித்தாலே ஒன்று, சுற்றி மறுபடி ஓடினால் இன்னொன்று. ஆகவே ஒரு பாட்டின் ஷார்ட்ஸ் வியூஸையும் முழு வீடியோ வியூஸையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டுவது ஆழாக்கையும் முழத்தையும் கூட்டுவதுபோல.

புது வீடியோவின் எண் ஏன் நின்று நின்று ஏறுகிறது? முன்பெல்லாம் 301-லேயே நின்றுவிடுமே?

எண்ணை ஏற்றுவதும் சரிபார்ப்பதும் வேறு வேறு வேலை என்பதால்தான். தொடக்கத்தில் வருகிற வியூஸை உடனே காட்டிவிட்டு, ஒரு கட்டத்துக்குப் பிறகு அவை உண்மையான ஓட்டம்தானா என்று சோதித்து மெல்லச் சேர்ப்பார்கள். பழைய முறையில் அந்தக் கட்டம் 300. நிரலில் "300-க்குக் குறைவாக இருக்கும்வரை" என்பதற்குப் பதில் "300 அல்லது அதற்குக் குறைவாக இருக்கும்வரை" என்று எழுதியிருந்ததால், 300-ல் நிற்கும்போதும் இன்னொன்றை ஏற்றி, எண் 301-ல் போய் உறைந்தது. லைக் ஆயிரக்கணக்கில் இருக்கும், வியூஸ் 301 என்று காட்டும். 2015 ஆகஸ்டில் அந்த முறையையே எடுத்துவிட்டார்கள். இப்போது எண் நடுவில் தயங்கினாலோ சற்றுக் குறைந்தாலோ, சரிபார்ப்பு நடக்கிறது என்று பொருள். அதற்குள் சதி எதையும் தேட வேண்டாம்.

"கங்னம் ஸ்டைல்" யூடியூபின் கவுண்டரையே உடைத்துவிட்டது என்கிறார்களே, நிஜமா?

உடையவில்லை. ஆனால் நடந்தது அதைவிடச் சுவையானது.

தென் கொரியப் பாடகர் சை 2012 ஜூலை 15 அன்று அந்த வீடியோவை வெளியிட்டார். நவம்பர் 24-ல் ஜஸ்டின் பீபரின் "பேபி"யைத் தாண்டி, யூடியூபில் அதிகம் பார்க்கப்பட்ட வீடியோ ஆனது. டிசம்பர் 21-ல் 100 கோடியைத் தொட்ட முதல் யூடியூப் வீடியோ ஆனது. 2014 மே 31-ல் 200 கோடி.

இங்கேதான் கணினிக் கணக்கு நுழைகிறது. பழைய கவுண்டர் எண்ணை 32 பிட் முழு எண்ணாகச் சேமித்தது. அதாவது 0 அல்லது 1 மட்டும் நிற்கும் 32 இடம். அதில் ஒரு இடம் கூட்டல் கழித்தல் குறிக்குப் போய்விடும். மிச்சம் 31 இடம். இரண்டை 31 தடவை பெருக்கி அதில் ஒன்றைக் கழித்தால் 214,74,83,647. அதற்கு மேல் ஒன்று கூட்டினால் அந்தப் பெட்டியில் இடம் இல்லை. எண் கவிழ்ந்து, 214 கோடிக்குக் கழித்தல் குறி போட்டுக்கொண்டு நிற்கும். வியூ கழித்தலில் போக வழியே இல்லாதபோது குறிக்கு ஏன் இடம் ஒதுக்கினார்கள் என்று கேட்கலாம். பல நிரல் மொழிகளில் முழு எண் என்று சும்மா அறிவித்தால் குறியோடுதான் வரும். ஒரு வீடியோ 200 கோடியைத் தாண்டும் என்று அன்றைக்கு யாரும் கணக்குப் போடவில்லை.

2014 டிசம்பர் தொடக்கத்தில், இந்த வீடியோவால் கவுண்டரை 64 பிட்டுக்கு மாற்ற வேண்டியதாயிற்று என்று யூடியூப் அறிவித்தது. இப்போதைய உச்சவரம்பு ஏறத்தாழ 92 ஆயிரம் கோடி கோடி. உண்மையில் இது வரப்போகிறது என்று பொறியாளர்கள் முன்பே பார்த்து, எல்லையைத் தொடும் முன்னரே மாற்றிவிட்டார்கள். அப்போது அந்த வீடியோவின் எண்மேல் மவுஸைக் கொண்டுபோனால் இலக்கங்கள் தறிகெட்டுச் சுழலும். அது அவர்களே வைத்த விளையாட்டு. அதைப் படம் பிடித்துப் போட்டவர்களால்தான் "உடைந்துவிட்டது" என்ற செய்தி பரவியது.

முதலிடம் 2017 ஜூலை 10 வரை சையிடம் இருந்தது. அன்று "சீ யூ அகெய்ன்" பாட்டு தாண்டியது. அதற்கு முதலிடம் ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. ஆகஸ்ட் 4-ல் "டெஸ்பாசிட்டோ" வந்துவிட்டது. 2020 நவம்பர் 2-ல் "பேபி ஷார்க்" அதையும் தாண்டியது.

அத்தனை பேர் பார்த்தும் "கங்னம் ஸ்டைல்" அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பிடிக்கவில்லையே?

இரண்டாம் இடத்திலேயே ஏழு வாரம் நின்றது. பில்போர்டின் முதன்மைப் பாட்டுப் பட்டியலான ஹாட் 100-இன் அன்றைய கணக்கில் பாட்டின் விற்பனை, வானொலி ஒலிபரப்பு, சில ஸ்ட்ரீமிங் சேவைகள் இருந்தன. யூடியூப் இல்லை. கொரிய மொழிப் பாட்டை அமெரிக்க வானொலிகள் அளவாகத்தான் போட்டன. முதலிடத்தில் இருந்த மரூன் 5 குழுவின் பாட்டுக்கோ வானொலிதான் பலம். உலகமே பார்த்த ஒன்று பட்டியலின் கண்ணில் படவில்லை என்பது இசைத் தொழிலுக்கே பெரிய சங்கடம்.

2013 பிப்ரவரியில் விதி மாறியது. அமெரிக்காவுக்குள் பார்க்கப்பட்ட யூடியூப் வியூஸும் சேர்ந்தது. அதிகாரபூர்வ வீடியோ மட்டுமில்லை, அனுமதி பெற்ற ஒலியைப் பயன்படுத்தி ரசிகர்கள் எடுத்த வீடியோக்களும் கணக்கில் வந்தன. அந்த வாரமே பலன் தெரிந்தது. பாவர் என்ற இசையமைப்பாளரின் "ஹார்லெம் ஷேக்" நுழைந்த வாரத்திலேயே முதலிடம். அந்தப் பாட்டு 2012-லேயே வந்து கிடந்ததுதான். 2013 பிப்ரவரியில் ஒரு அச்சு கிடைத்தது: மொத்தம் 30 நொடி. முதல் 15 நொடி ஒரே ஆள், பெரும்பாலும் முகமூடியோடு, ஆடுவார். சுற்றி இருப்பவர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். பேஸ் என்ற அடித்தொனி அதிரும் இடத்தில் ஒரு வெட்டு. அடுத்த 15 நொடி அத்தனை பேரும் வெறிகொண்டு ஆடுவார்கள். கேமராவை நகர்த்தக் கூடாது. நகர்ந்தால் வெட்டு பல்லிளிக்கும். ஸ்டாண்டு, ஒரே ஒரு வெட்டு, முப்பது நொடி. யாராலும் செய்ய முடிந்ததால் அலுவலகம், தீயணைப்பு நிலையம், நீச்சல் குளம் என்று எங்கும் எடுத்தார்கள். இன்றைய ரீல்ஸ் சவால்களின் அடிப்படை அச்சு இதுவே என்பது எங்கள் கருத்து.

24 மணி நேர சாதனை எப்படிக் கணக்கிடப்படுகிறது?

வெளியான நேரத்திலிருந்து முதல் 24 மணி நேரத்தில் வந்த வியூஸ். பக்கத்தில் தெரியும் எண்ணும் யூடியூப் பின்னர் அறிவிக்கும் எண்ணும் வேறுபடலாம், சரிபார்ப்பு பிறகே முடியும். வளர்ச்சியைப் பாருங்கள். 2013-ல் சையின் அடுத்த பாட்டு "ஜென்டில்மேன்" 3.8 கோடி. 2017 ஆகஸ்டில் டெய்லர் ஸ்விஃப்ட் 4.32 கோடி. 2018 நவம்பரில் அரியானா கிராண்டே 5.54 கோடி. அதற்குப் பிறகு கொரிய பாப் குழுக்களின் கையில்தான்: 2019 ஏப்ரலில் பிளாக்பிங்க் 5.67 கோடி, ஒரே வாரத்தில் பிடிஎஸ் 7.46 கோடி, 2020 ஜூனில் மறுபடி பிளாக்பிங்க் 8.63 கோடி, ஆகஸ்டில் பிடிஎஸ்-இன் "டைனமைட்" 10.11 கோடி, 2021 மே மாதம் "பட்டர்" 10.82 கோடி.

எட்டு வருஷத்தில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இணையம் பரவியது ஒரு காரணம். ரசிகர் படை முன்கூட்டியே தயாராக நின்றது இன்னொரு காரணம். 2018-ல் வந்த ப்ரீமியர் வசதி அதற்கு வாசல் திறந்தது. லிங்க் முன்பே வெளியாகும், குறித்த நேரத்தில் கவுண்டவுன் ஓடும், லட்சக்கணக்கானோர் ஒரே நொடியில் பார்க்கத் தொடங்குவார்கள்.

விளம்பரம் போட்டு வியூஸ் வாங்கலாமாமே? அது ஏமாற்று இல்லையா?

விதிப்படி ஏமாற்று இல்லை. அதனால்தான் சிக்கல். பாட்டு வீடியோவையே வேறொரு வீடியோவுக்கு முன்னால் "ஸ்கிப்" பொத்தானோடு விளம்பரமாக ஓடவிடலாம். பார்ப்பவர் 30 நொடி தாண்டினால், அல்லது அதற்குள் சொடுக்கினால், விளம்பரதாரருக்குக் காசு கழியும், வீடியோவுக்கு ஒரு வியூ ஏறும். சமையல் வீடியோ பார்க்க வந்தவர் கையில் மாவு இருந்ததால் ஸ்கிப் செய்யாமல் விட்டிருக்கலாம். அதுவும் ஒரு வியூதான்.

2019 ஜூலையில் இந்தியப் பாடகர் பாட்ஷாவின் "பாகல்" 24 மணி நேரத்தில் 7.5 கோடி எட்டி, அன்றைய பிடிஎஸ் சாதனையைத் தாண்டியது. அதில் விளம்பர வழி வியூஸும் உண்டு. வழக்கமாக வாழ்த்து சொல்லும் யூடியூப் இந்த முறை வாய் திறக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் விதியை மாற்றினார்கள்: இசைப் பட்டியலுக்கும் 24 மணி நேர சாதனைக்கும் விளம்பர வியூஸ் சேராது. நேரடி லிங்க், தேடல், முகப்புப் பக்கம், "அடுத்து" பரிந்துரை, வெளித் தளங்களில் பதித்த வீடியோ ஆகியவற்றின் வழி வந்தவை மட்டுமே சேரும்.

கவனிக்க வேண்டியது: பட்டியலில்தான் கழிப்பார்கள். வீடியோவுக்குக் கீழே தெரியும் மொத்த எண்ணில் விளம்பர வியூஸ் அப்படியே இருக்கும். போஸ்டரில் வருவது அந்த மொத்த எண்தான். ஒரு பாட்டு நிஜமாகப் பிடித்ததா என்று பார்க்க நாங்கள் செய்வது இது: முதல் வாரத்தை விட்டுவிட்டு, மூன்றாம் வாரத்திலும் மூன்றாம் மாதத்திலும் எண் எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துவைப்பது. விளம்பரக் காசு நின்றதும் எண் சட்டென்று நின்றுவிடும். பிடித்த பாட்டு மெதுவாக, ஆனால் நிற்காமல் ஏறும். பல கோடி வியூஸுக்குக் கீழே கருத்துகள் சில நூறே என்றாலும் சந்தேகப்படலாம். ஆனால் குழந்தைகளுக்கான வீடியோக்களில் கருத்துப் பகுதியையே மூடிவைத்திருப்பார்கள், அங்கே இந்த அளவுகோல் செல்லாது.

தமிழ்ப் பாட்டுகள் இந்தக் கணக்கில் எங்கே நிற்கின்றன?

2011 நவம்பர் 16 அன்று வந்த "ஒய் திஸ் கொலவெறி டி" ஸ்டுடியோவில் பாடுவதைக் காட்டும் மேக்கிங் வீடியோ. படக்காட்சி இல்லை, ஆட்டம் இல்லை. ஹெட்போன் மாட்டிய நாலைந்து பேர்தான். அந்தப் பாட்டு இடம்பெற்ற "3" படம் திரைக்கு வர இன்னும் நான்கு மாதம் இருந்தது. படத்துக்கு அது சுமையானதா பலமானதா என்பது வேறு விவாதம். ஆனால் படத்துக்கு வெகு முன்பே பாட்டை இணையத்தில் தனியாக ஓடவிடலாம் என்பதை அது எல்லோருக்கும் காட்டிவிட்டது.

"மாரி 2" படத்தின் "ரவுடி பேபி" முழு வீடியோ 2019 ஜனவரி 2-ல் வந்தது. இசை யுவன் சங்கர் ராஜா, நடன அமைப்பு பிரபுதேவா, குரல் தனுஷும் தீயும். 2020 நவம்பர் 16-ல் 100 கோடியைத் தொட்டது, தென்னிந்தியப் பாட்டுகளில் முதலாவதாக. "கொலவெறி" வெளியாகி சரியாக ஒன்பது வருஷம் நிறைந்த அதே நாள்.

நம் பாட்டுகளுக்கு ஒரு குறை உண்டு. ஒரே பாட்டு இரண்டு மூன்று லிங்க்கில் சிதறிவிடும். "அரபிக் குத்து" லிரிக் வீடியோ 2022 பிப்ரவரி 14-ல் வந்தது, படம் ஏப்ரல் 13-ல், முழு வீடியோ அதற்கும் பிறகு. கொரிய நிறுவனங்கள் முழு வீடியோவை முதல் நாளே ஒரே லிங்க்கில் கொட்டுகின்றன. ஆகவே ஒரு லிரிக் வீடியோவின் முதல் நாள் எண்ணை ஒரு கொரிய பாப் வீடியோவின் எண்ணோடு ஒப்பிடுவது நியாயமில்லை, எந்தப் பக்கத்துக்கும்.

வீடியோவை எடுத்துவிட்டால் வியூஸ் போய்விடுமா?

மறைத்தால் போகாது, அழித்தால் போகும். 2018 ஏப்ரலில், பெரிய இசை நிறுவனங்களின் வீடியோக்களை வெளியிடும் வீவோவின் சேனல்களுக்குள் யாரோ புகுந்து "டெஸ்பாசிட்டோ"வின் முகப்புப் படத்தையே மாற்றினார்கள். வீடியோ சில மணி நேரம் காணாமல் போனது. திரும்பி வந்தபோது 500 கோடி வியூஸும் அப்படியே இருந்தன. அழித்துவிட்டு அதே வீடியோவை மறுபடி ஏற்றினால் பூஜ்யத்திலிருந்துதான்.

எண்பதுகளின் பாட்டு வீடியோ திடீரென்று 4கே-யில் பளிச்சென்று தெரிகிறதே, அது எப்படி? எல்லாப் பாட்டுக்கும் ஏன் செய்வதில்லை?

எங்களுக்கு மிகப் பிடித்த கேள்வி. அந்தக் காலத்து நல்ல பட்ஜெட் வீடியோக்களை 35 அல்லது 16 மில்லிமீட்டர் பிலிமில் எடுத்தார்கள். பிலிமில் விவரம் ஏராளம். ஆனால் எடிட்டிங்கை டேப்பில் செய்தார்கள். பிலிமை டேப்புக்கு மாற்றும்போதே படம் 480 வரியாகச் சுருங்கிவிடும். நாம் டிவியிலும் பிறகு யூடியூபிலும் பார்த்தது அந்தச் சுருங்கிய டேப்பைத்தான்.

புதுப்பிக்க வேண்டுமானால் முதலில் கிடங்கில் பழைய நெகட்டிவ் டப்பாக்களைத் தேட வேண்டும். கிடைத்தால் ஒவ்வொரு ஷாட்டையும் ஸ்கேன் செய்து, டேப்பைப் பக்கத்தில் ஓடவிட்டு, அதே இடத்தில் அதே வெட்டை ஃபிரேம் பிசகாமல் மறுபடி போட வேண்டும். நிறத்தைப் புதிதாகத் திருத்த வேண்டும். ஒரு படம் கரைந்து இன்னொன்றாவது, எழுத்து பறப்பது போன்றவற்றை டேப்பில்தான் செய்திருப்பார்கள், நெகட்டிவில் அவை இருக்காது. அவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். ஒரு டப்பா தொலைந்திருந்தால் அந்த ஷாட் மட்டும் மங்கலாக நிற்கும்.

ஆ-ஹா குழுவின் "டேக் ஆன் மீ" 1985 வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். இயக்கம் ஸ்டீவ் பாரன். நடிகர்களைப் படம்பிடித்து, அதன்மேல் சுமார் 3,000 ஃபிரேமைப் பென்சிலால் கையால் வரைந்தார்கள். அந்த வேலைக்கு மட்டும் 16 வாரம். 2019-ல் அதன் 4கே பதிப்பு வந்தது. பெரிய திரையில் நிறுத்திப் பார்த்தால் பென்சில் கோடு தாளில் அழுந்திய இடமும் தூக்கிய இடமும் தெரிகிறது. டேப் பதிப்பில் அது சாம்பல் புகையாகத்தான் இருந்தது. 2020 பிப்ரவரியில் அந்த வீடியோ 100 கோடியைத் தாண்டியது. அதே 2019-ல் யூடியூபும் யுனிவர்சல் மியூசிக்கும் கிட்டத்தட்ட 1,000 வீடியோக்களைப் புதுப்பிப்பதாக அறிவித்தன. பழைய லிங்க்கிலேயே கோப்பை மட்டும் மாற்றினார்கள். வியூஸும் லைக்கும் அப்படியே தொடர்ந்தன. சாதாரண சேனல்காரருக்கு அந்த வசதி கிடையாது.

முதலிலேயே டேப் கேமராவில் எடுத்த வீடியோவுக்கு நெகட்டிவ் என்று ஒன்றே இல்லை. அதற்கு மென்பொருள் வைத்துப் பெரிதாக்குவதுதான் வழி. "4கே" என்ற பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான், வித்தியாசம் கண்ணில் தெரியும். நெகட்டிவிலிருந்து வந்ததில் மெல்லிய மணல்போன்ற பிலிம் துகள் அசைந்துகொண்டே இருக்கும், தலைமுடி இழை இழையாகப் பிரியும். மென்பொருளால் பெரிதாக்கியதில் முகம் மெழுகு பூசியதுபோல இருக்கும், பின்னணிப் பலகையில் உள்ள எழுத்து எந்த மொழியும் இல்லாத கிறுக்கலாகும். பழைய சதுரப் படத்தை அகலத் திரைக்கு வெட்டியிருந்தால் தலையும் காலும் போயிருக்கும். அப்படி வெட்டியதை எந்தத் தரத்தில் போட்டாலும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

புது வீடியோ வெளியான முதல் சில நிமிஷம் மங்கலாகத் தெரிகிறதே?

ஏற்றிய கோப்பிலிருந்து யூடியூப் முதலில் குறைந்த தரப் பதிப்பைத் தயாரிக்கும். ஹெச்டி, 4கே பிறகு. விவரம் தெரிந்த சேனல்கள் முன்னதாகவே ஏற்றி, மறைத்து வைத்து, நேரம் குறித்து வெளியிடும். உங்கள் பக்கத்துக் கோளாறா என்று தெரிந்துகொள்ள, கணினியில் வீடியோமேல் வலது சொடுக்கி "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" எடுங்கள். இப்போது ஓடும் அளவும் தரக்கூடிய அளவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அதிலேயே ஒலி அளவும் இருக்கும். அதிகச் சத்தத்தோடு ஏற்றிய பாட்டை யூடியூப் தானே குறைத்துவிடுவது அங்கே சதவீதமாகத் தெரியும்.

ரிக்ரோல் என்றால் என்ன?

"இதைப் பார்" என்று லிங்க் அனுப்பி, திறந்தால் ரிக் ஆஸ்ட்லியின் 1987 பாட்டு ஓடவைப்பது. 2007-ல் தொடங்கிய குறும்பு. 2008 ஏப்ரல் 1 அன்று யூடியூபே முகப்பில் இருந்த வீடியோக்களை எல்லாம் அதற்குத் திருப்பிவிட்டது. 2021 ஜூலையில் பாட்டு 100 கோடி தொட்டது. அதில் எத்தனை பேர் விரும்பி வந்தவர்கள் என்று பிரிக்க வழியில்லை. ஆனால் பாட்டு நல்ல பாட்டு.

விருது மேடையில் நடந்த சம்பவத்தின் துண்டு வந்தால் எதைப் பார்த்து நம்புவது?

முன்னாலும் பின்னாலும் என்ன இருந்தது என்று பாருங்கள். 2009 செப்டம்பர் 13, நியூயார்க், எம்டிவி வீடியோ விருது விழா. சிறந்த பெண் கலைஞர் வீடியோவுக்கான விருதை டெய்லர் ஸ்விஃப்ட் வாங்கிப் பேசும்போது கான்யே வெஸ்ட் மேடையேறி மைக்கைப் பிடுங்கி, பியான்சேவுக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும் என்றார். எல்லோருக்கும் தெரிந்த துண்டு அதோடு முடிகிறது. அதே இரவு ஆண்டின் சிறந்த வீடியோ விருதை வென்ற பியான்சே, தன் நேரத்தை விட்டுக்கொடுத்து ஸ்விஃப்டை மேடைக்கு அழைத்துப் பேச்சை முடிக்கச் சொன்னார். அந்தப் பாதி பலருக்குத் தெரியவே தெரியாது.

ஒரே சம்பவத்துக்கு இரண்டு உண்மையான பதிப்புகள் இருப்பதும் உண்டு. 2022 மார்ச் 27 ஆஸ்கர் மேடையில் வில் ஸ்மித் கிறிஸ் ராக்கை அறைந்தபோது, அமெரிக்க ஒளிபரப்பில் சில நொடிகள் ஒலியை அடைத்துவிட்டார்கள். ஜப்பான், ஆஸ்திரேலிய ஒளிபரப்புகளில் பேச்சு முழுக்கக் கேட்டது. ஒலி உள்ளதைப் பார்த்து "இது டப்பிங்" என்றும், இல்லாததைப் பார்த்து "மறைக்கிறார்கள்" என்றும் ஆட்கள் சண்டையிட்டார்கள். எந்த நாட்டு ஒளிபரப்பு என்று திரை ஓரத்துச் சேனல் சின்னத்தைப் பார்த்திருந்தால் போதும்.

நட்சத்திரத்தின் முகத்தை ஒட்டிய பொய் வீடியோவை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

பல நேரம் முடியும். 2023 நவம்பரில் ராஷ்மிகா மந்தனா லிஃப்டுக்குள் நுழைவதுபோல ஒரு வீடியோ பரவியது. வேறொரு பெண்ணின் வீடியோவில் அவர் முகத்தை ஒட்டியிருந்தார்கள். அந்தப் பெண் காட்சிக்குள் நுழையும் முதல் நொடியில் அவருடைய சொந்த முகம் தெரிந்து, பிறகு சட்டென்று மாறியது. சாதாரண வேகத்தில் பார்த்த யாருக்கும் அது தட்டுப்படவில்லை.

யூடியூபை கணினியில் திறந்து, வீடியோவை நிறுத்திவிட்டு, விசைப்பலகையில் புள்ளி விசையைத் தட்டினால் ஒரு ஃபிரேம் முன்னால் போகும், கமா விசை ஒரு ஃபிரேம் பின்னால். முகம் காட்சிக்குள் நுழையும் இடம், கை முகத்தைக் கடக்கும் இடம், பக்கவாட்டில் திரும்பும் இடம் ஆகிய மூன்றில் நின்று பாருங்கள். கம்மல் ஒரு ஃபிரேமில் இருந்து அடுத்ததில் மறைகிறதா, பல் ஒரே வெள்ளைக் கட்டையாகிறதா, கழுத்து நிறம் முகத்தோடு சேர்கிறதா. வாட்ஸ்அப்பில் வந்த பிரதி பலமுறை நசுங்கியிருக்கும், ஒட்டுப்போட்ட விளிம்பு அந்த மங்கலில் ஒளிந்துகொள்ளும். ஆகவே மூன்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டு, தெளிவான பழைய பிரதியைத் தேடிவிட்டு அதில் சோதியுங்கள். மூல வீடியோ அகப்பட்டால் வேலை முடிந்தது. கண்டுபிடித்த பிறகும் அந்தத் துண்டை "பொய்" என்று எழுதிக்கூடப் பகிராதீர்கள். பாதிக்கப்பட்ட இரண்டு பெண்களுக்கும் அது இன்னொரு சுற்று அவமானம்.

பாட்டின் துண்டை என் சேனலில் போட்டால் என்ன ஆகும்?

பெரும்பாலும் கன்டென்ட் ஐடி பிடிக்கும். 2007 முதல் இருக்கும் ஒலி, ஒளி ஒப்பீட்டு முறை அது. உரிமையாளர் வீடியோவைத் தடுக்கலாம், விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம், அல்லது சும்மா கண்காணிக்கலாம். இது "கிளெய்ம்", சேனலுக்குத் தண்டனை இல்லை. மறுத்து முறையிட்டால் உரிமையாளர் 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். "ஸ்டிரைக்" என்ற காப்புரிமை எச்சரிக்கை வேறு: 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போகும். பத்து நொடிக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை, கண்ணாடிபோலத் திருப்பினால் பிடிபடாது, "உரிமை எனக்கில்லை" என்று எழுதினால் போதும் என்பதெல்லாம் பொய். விருது மேடைப் பாட்டில் பாடல், ஒலிப்பதிவு, ஒளிபரப்பு என்று மூன்று உரிமை ஒன்றாக இருக்கலாம். ஒருவர் விட்டாலும் இன்னொருவர் பிடிப்பார்.

"ட்ரெண்டிங் நம்பர் 1" என்ற போஸ்டர் இன்னும் வருகிறதே?

யூடியூப் ட்ரெண்டிங் பக்கத்தை 2025 ஜூலையில் எடுத்துவிட்டது. இப்போது பாட்டுகளுக்கு யூடியூப் சார்ட்ஸ் இருக்கிறது. போஸ்டரில் தேதியும் நாடும் இல்லையென்றால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

யூடியூப் பிறக்கவே ஒரு நட்சத்திர சம்பவம்தான் காரணமாமே?

ஓரளவுக்கு. 2004 பிப்ரவரி 1 அன்று ஹூஸ்டனில் சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியின் இடைவேளை நிகழ்ச்சியில், பாடகர் ஜஸ்டின் டிம்பர்லேக் இழுத்ததில் பாடகி ஜேனட் ஜாக்சனின் மேலாடையில் ஒரு பகுதி கழன்றுவந்தது. அமெரிக்காவே அதைப் பேசியது. ஆனால் காட்சியை இணையத்தில் தேடிப் பார்க்க எளிய வழி இல்லை. அதே வருஷம் டிசம்பர் 26-ல் சுனாமி. நாகப்பட்டினத்திலும் இலங்கைக் கரையிலும் பிற இடங்களிலும் மக்கள் கேமராவில் எடுத்த காட்சிகள் இருந்தன, அவற்றையும் தேடிப் பார்க்க ஓர் இடம் இல்லை. இந்த இரண்டையும் தனக்குத் தோன்றிய எண்ணத்துக்குக் காரணமாகச் சொன்னவர், யூடியூபின் மூன்று நிறுவனர்களில் ஒருவரான ஜாவேத் கரீம். மற்ற இருவர், ஒரு விருந்தில் எடுத்த வீடியோவை நண்பர்களுக்கு அனுப்ப முடியாமல் போனதைச் சொல்வார்கள். 2005 ஏப்ரல் 23 அன்று ஏறிய முதல் வீடியோவில் கரீம்தான் இருக்கிறார். மிருகக்காட்சிசாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று 19 நொடி பேசுகிறார்.

அந்த மேடைச் சம்பவத்தின் பழியில் பெரும்பங்கு ஜாக்சன்மேல்தான் விழுந்தது. டிம்பர்லேக் அவரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது 2021 பிப்ரவரியில், பதினேழு வருஷம் கழித்து.